கிரிடில் வாங்கும் முன்: தகட்டின் கனத்தைக் கேட்பவர்கள் பர்னரையும் கேட்க வேண்டும்

வாசகி ஒருவர் தம்பியுடன் சேர்ந்து 40 இருக்கைகள் கொண்ட உணவகம் ஒன்றை நடத்திவருகிறார். கிரிடிலில், அதாவது கீழிருந்து சூடேற்றிய தட்டையான உலோகத் தகட்டின் மேல் நேரடியாகச் சமைக்கும் அடுப்பில், நின்று சமைப்பவர் தம்பி. கணக்கையும் கொள்முதலையும் பார்த்துக்கொள்பவர் இவர். இப்போது அவர்களிடம் இருப்பது 900 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள தகட்டைக் கொண்ட எரிவாயுக் கிரிடில். நண்பகல் நெரிசலில் உறைந்த இறைச்சி வில்லைகளை வரிசையாகப் போடத் தொடங்கியதும் தகடு குளிர்ந்துவிடுகிறது, வில்லைகள் ஒட்டிக்கொள்கின்றன, வலது ஓரத்தில் எதுவும் நிறம் பிடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறார். காலையில் முட்டையும் ரொட்டியும் சமைக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. அந்த நேரத்தில் அதே இணைப்பிலுள்ள மற்ற அடுப்புகள் எரிவதில்லை என்பதையும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

அவர் முன் 3 வாய்ப்புகள் இருக்கின்றன. முதலாவது, 12 மில்லிமீட்டர் எஃகுத் தகடும் மொத்தம் 24 கிலோவாட் திறனுள்ள 3 பர்னர்களும் கொண்ட புதிய கிரிடில். இதில் வெப்பநிலையைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை, தழலைக் கையால் கூட்டிக் குறைக்கும் கைவால்வுதான். இரண்டாவது, 25 மில்லிமீட்டர் தகட்டின் மேல் குரோம் பூசி, தெர்மோஸ்டாட் பொருத்தி, மொத்தம் 15 கிலோவாட் பர்னர்கள் வைத்தது. மூன்றிலும் விலை கூடியது. மூன்றாவது, மூடப்பட்ட உணவகம் ஒன்றிலிருந்து வரும் பழைய மின்சாரக் கிரிடில், 20 மில்லிமீட்டர் தகடு, 12 கிலோவாட். கனமான தகடே சிறந்தது என்பது தம்பியின் முடிவு. துருப்பிடிக்காத எஃகுத் தகடாகச் செய்து வாங்கலாம் என்பது நண்பர் ஒருவரின் யோசனை. எதைத் தேர்வது, எதை எழுத்தில் வாங்கிக்கொள்வது என்பவையே வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். காலையில் ஒழுங்காக வேலை செய்யும் கிரிடில், மற்ற அடுப்புகளும் சேர்ந்து எரியும் நண்பகலில் தடுமாறுகிறது என்றால், தகட்டின் மேல் பழியைப் போடும் முன் எரிவாயு இணைப்பைச் சோதிக்க வேண்டும். ஒரே ரெகுலேட்டரும் ஒரே குழாயும் எல்லா அடுப்புகளுக்கும் எரிவாயு கொடுக்கும்போது, கடைசியில் இருக்கும் கருவிக்கு அழுத்தம் குறைந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. சிலிண்டரிலிருந்து எல்பிஜி எடுப்பவராக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. திரவம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரின் சுவர் வழியாகவே பெறுவதால், வேகமாக எடுக்க எடுக்கச் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி படிந்து, அழுத்தம் இறங்கிவிடும். 24 கிலோவாட் கிரிடில் முழுத் தழலில் மணிக்கு ஏறத்தாழ 1.9 கிலோகிராம் எல்பிஜியை எரிக்கும். மற்ற அடுப்புகளையும் சேர்த்து இந்த அளவை ஒரே சிலிண்டரிடம் எதிர்பார்க்க முடியாது. பல சிலிண்டர்களை இணைத்த அமைப்பும் அதற்கேற்ற ரெகுலேட்டரும் வேண்டும்.

இதைச் சோதிப்பது எளிது. கிரிடிலின் பர்னர்களை முழுதாக எரியவிட்டு, மற்ற அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டே கிரிடிலின் தழலை உங்கள் தம்பி கவனிக்கட்டும். நீலமாக நிமிர்ந்து எரிந்த தழல் சுருங்கினால் குறை இணைப்பில் இருக்கிறது. அப்போது எந்தக் கிரிடிலை வாங்கி அதே குழாயில் மாட்டினாலும் அதே தொல்லை தொடரும். வலது ஓரம் மட்டும் எந்நேரமும் குளிர்ந்திருந்தால் அது வேறு குறை: அந்தப் பக்கத்துப் பர்னரின் துளைகள் கரியும் எண்ணெயும் அடைத்துப் போயிருக்கக்கூடும், அல்லது தகடு வளைந்திருக்கக்கூடும். உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர் ஒருவரை அழைத்து, எல்லா அடுப்புகளும் எரியும்போது கிரிடிலின் நுழைவாயிலில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். புதிய கருவிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இதுதான்.

தகட்டின் கனம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

உங்கள் தம்பியின் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. 900 × 600 மில்லிமீட்டர் அளவுள்ள எஃகுத் தகடு 12 மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 51 கிலோகிராமும், 25 மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 106 கிலோகிராமும் இருக்கும். குளிர்ந்த உணவு தகட்டிலிருந்து 1,000 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது, பர்னர் எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய தகட்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் இறங்கும், கனமான தகட்டில் 20 டிகிரிதான் இறங்கும். உறைந்த உணவை வைத்தவுடன் ஏற்படும் அதிர்ச்சியைக் கனமான தகடு தாங்கிக்கொள்கிறது என்று சொல்வதன் பொருள் இதுதான். உங்களிடம் இப்போது இருக்கும் 6 மில்லிமீட்டர் தகட்டுக்கு அந்தத் தாங்குதிறன் அறவே குறைவு.

ஆனால் தகடு வெப்பத்தை உண்டாக்குவதில்லை. சேமித்து வைத்ததைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். முதல் சுற்றில் கொடுத்ததைப் பர்னர் திரும்ப நிரப்பாவிட்டால் மூன்றாம் சுற்றிலோ நான்காம் சுற்றிலோ கனமான தகடும் குளிர்ந்துவிடும், அதன் பிறகு மறுபடி சூடேற மெல்லிய தகட்டைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் ஓடும் உங்கள் நண்பகலுக்கு முதல் சுற்றைவிடப் பத்தாம் சுற்றுதான் முக்கியம். அதனால் விற்பனையாளர் தகட்டின் கனத்தைச் சொல்லும்போது, அதன் கீழே எத்தனை கிலோவாட் இருக்கிறது என்பதையும் உடனே கேளுங்கள்.

உங்கள் மூன்று வாய்ப்புகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். எரிவாயுக் கிரிடில் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடுதான் உணவுக்குப் போய்ச் சேர்கிறது. மீதி புகைக்குழாய் வழியாகவும் சமையலறைக் காற்றிலும் போய்விடுகிறது. நல்ல மின்சாரக் கிரிடிலில் இது 70 விழுக்காடு அளவில் இருக்கும். ஆக, முதல் கிரிடிலின் 24 கிலோவாட்டில் உணவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 9 கிலோவாட். இரண்டாவதன் 15 கிலோவாட்டில் கிடைப்பது 6-க்கும் குறைவு. பழைய மின்சாரக் கிரிடிலின் 12 கிலோவாட்டில் 8-க்கு மேல் கிடைக்கும். எரிவாயு என்றால் வலிமை, மின்சாரம் என்றால் மந்தம் என்று பலரும் நினைப்பதற்கு மாறாக, உங்கள் பட்டியலில் பின்தங்கி நிற்பது விலை கூடிய எரிவாயுக் கிரிடில்தான்.

அது உங்களுக்குப் போதுமா என்பதையும் கணக்கிடலாம். ஓரங்களில் வெப்பம் குறைவதால் 900 × 600 தகட்டில் நம்பிச் சமைக்கத்தக்க பரப்பு ஏறத்தாழ 800 × 520 மில்லிமீட்டர். அதில் 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லைகளை 6 வரிசை, வரிசைக்கு 4 என்று 24 வைக்கலாம். உறைந்த நிலையிலுள்ள 110 கிராம் வில்லை ஒன்று வெந்து முடிய, ஆவியாகும் நீரையும் சேர்த்து, என் மதிப்பீட்டில் ஏறத்தாழ 90 கிலோஜூல் வேண்டும். 24 வில்லைகளை 6 நிமிடத்தில் எடுக்க ஏறத்தாழ 6 கிலோவாட் தேவை. இரண்டாவது கிரிடில் இதை எட்டுவதற்குள்ளேயே மூச்சுத் திணறும். பக்கத்தில் முட்டையும் ரொட்டியும் சேர்ந்தால் பின்தங்கிவிடும். நீங்கள் சொல்லும் மணிக்கு 90 வில்லை என்ற அளவு, சீராகப் பரவி வந்தால் எல்லாக் கிரிடிலுக்கும் எளிதுதான். ஆனால் வாடிக்கையாளர்கள் சீராகப் பரவி வருவதில்லை. உங்கள் தம்பி தகட்டை நிரப்பும் அந்த 20 நிமிடங்களை வைத்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கனத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 30 டிகிரியிலிருந்து 190 டிகிரிக்கு ஏற்ற, 12 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஏறத்தாழ 1.1 கிலோவாட்-மணியும் 25 மில்லிமீட்டர் தகட்டுக்கு 2.3 கிலோவாட்-மணியும் வேண்டும். முதல் கிரிடில் கால் மணிக்குள் தயாராகிவிடும். இரண்டாவது, தன் சிறிய பர்னர்களோடு, அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். காலை வேலை முடிந்ததும் அணைத்துவிட்டு நண்பகலுக்கு முன் மறுபடி பற்றவைக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அரை மணி காத்திருக்க வேண்டிய கருவியை யாரும் அணைப்பதில்லை. நாள் முழுக்க வீணே எரியும்.

என்னைக் கேட்டால், உங்கள் வேலைக்கு 20 மில்லிமீட்டர் அளவுத் தகடு போதும், அதன் கீழே ஒவ்வொரு 300 மில்லிமீட்டர் அகலத்துக்கும் 7 முதல் 8 கிலோவாட் எரிவாயுப் பர்னர் இருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் தகடு, அதற்கேற்ற பர்னர்களோடு, உறைந்த இறைச்சியை நாள் முழுக்க இடைவெளியின்றிச் சமைக்கும் இடங்களுக்குப் பொருந்தும்.

எஃகா, குரோமா, துருப்பிடிக்காத எஃகா

துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைச் செய்து வாங்கலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாதாரண எஃகு வெப்பத்தைக் கடத்தும் அளவில் அது மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். பர்னருக்கு நேர்மேலே கருகும், இரண்டு பர்னர்களுக்கு நடுவே வேகாது. நடுவே அலுமினியம் வைத்து இருபுறமும் துருப்பிடிக்காத எஃகைப் பிணைத்துச் செய்யும் தகடுகள் வேறு வகை. அவை நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் அவற்றைப் பட்டறையில் செய்துவிட முடியாது. சாதாரண எஃகு துருப்பிடிக்கும் என்ற அச்சம், எண்ணெய் தடவிச் சூடேற்றி நன்கு பழக்கிய தகட்டுக்குப் பொருந்தாது. நாள்தோறும் வேலை முடிந்ததும் சுரண்டித் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசிவைத்தால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

குரோம் பூச்சு உண்மையிலேயே நல்ல பொருள். அது வெப்பத்தைக் காற்றில் குறைவாக வீசுவதால் முன்னால் நிற்பவருக்கு அனல் குறைகிறது, பழக்கத் தேவையில்லை, மீனைச் சமைத்த இடத்தில் முட்டையைச் சமைத்தாலும் வாடை ஏறாது, துடைப்பது எளிது. ஆனால் பூச்சு மிக மெல்லியது. கூரிய சுரண்டியாலும் கல்துண்டாலும் தேய்க்கக் கூடாது. கரண்டியின் விளிம்பால் தகட்டின் மேலேயே இறைச்சியை வெட்டக் கூடாது. உங்கள் தம்பி அப்படி வெட்டுவது வழக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பூச்சு ஓரிடத்தில் உரிந்துவிட்டால் அதை அங்கேயே சரிசெய்ய முடியாது. கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவர் மனதார ஒப்புக்கொண்டால் மட்டும் குரோமை நினையுங்கள். நெரிசல் நேரத்தில் பழைய பழக்கம்தான் கையில் வரும் என்பது என் கவலை.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வேலைக்கு அது வேண்டும். முட்டைக்கு 135 முதல் 150 டிகிரி போதும். இறைச்சிக்கு 175 முதல் 190 வரை தேவை. கைவால்வில் தழலின் உயரத்தைத்தான் அமைக்கிறீர்கள், வெப்பநிலையை அல்ல. ஆளில்லாத நேரத்தில் அதே தழல் தகட்டை மேலும் மேலும் சூடாக்கிக்கொண்டே போகும். எண்ணெய் புகையும், எரிவாயு வீணாகும். ஒவ்வொரு 300 மில்லிமீட்டருக்கும் தனித் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, அதன் உணரி தகட்டோடு ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: தகடு ஒன்றே என்பதால் பக்கத்துப் பகுதியின் வெப்பம் கசிந்து வரும், தகடு கனமாக ஆக இந்தக் கசிவும் கூடும். முட்டைப் பகுதியையும் இறைச்சிப் பகுதியையும் இரு ஓரங்களில் வைத்து, நடுப்பகுதியை ரொட்டிக்கு விட்டுவிடுவது நல்லது.

பழைய மின்சாரக் கிரிடில்

அதைப் பழையது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். முதலில் உங்கள் கட்டடத்துக்கு மும்முனை மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 400 வோல்ட் மும்முனையில் 12 கிலோவாட் கருவி ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். அதையே 230 வோல்ட் ஒருமுனையில் இயக்க 52 ஆம்பியர் வேண்டும், சாதாரண இணைப்பு அதைத் தாங்காது. அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் காத்திருப்பையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு கருவியைச் சூடேற்றிக் காட்டச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் பார்த்துப் பழைய கிரிடிலை வாங்கக் கூடாது. நேரான இரும்பு அளவுகோலைத் தகட்டின் மேல் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சூடான தகட்டில் பனிக்கட்டியையோ குளிர்ந்த நீரையோ கொட்டிச் சுத்தம் செய்தவர்களின் தகடு வளைந்திருக்கும், பக்கச் சுவரோடு சேரும் வெல்டிங் இணைப்பிலும் விரிசல் இருக்கலாம். அந்த விரிசல் வழியே கொழுப்பு கீழே கசிந்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. தகட்டில் 9 இடங்களில் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வடிவிலுள்ள அகச்சிவப்பு வெப்பமானி கறுத்த தகட்டில் ஓரளவு சரியாகக் காட்டும், பளபளக்கும் எஃகிலும் குரோமிலும் மிகக் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். தகட்டைத் தொட்டு அளக்கும் வெப்பமானியே நம்பத்தக்கது. ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் அங்குள்ள மின்சூடேற்றி போய்விட்டது என்று பொருள். அதற்கு உதிரிப்பாகம் இப்போதும் கிடைக்கிறதா என்று தயாரிப்பாளரிடமே கேளுங்கள். மின்பணியாளர் ஒருவர் மின்காப்பையும் நில இணைப்பையும் சோதித்துத் தராத பழைய கருவியை உங்கள் தம்பியின் கைக்குக் கொடுக்காதீர்கள். இந்தச் சோதனைகளில் தேறி, மும்முனை மின்சாரமும் இருந்தால், மூன்றிலும் பயனுள்ள பேரம் இதுவாகக்கூட இருக்கலாம்.

புகைக் கூண்டும் தாங்கும் மேசையும்

எதை வாங்கினாலும் அது முழுவதும் புகைக் கூண்டின் அடியில் இருக்க வேண்டும். கூண்டு எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது 150 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருப்பது நல்லது. கொழுப்பை வடிகட்டும் வடிப்பான்களும், வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்றுக்கு வழியும் வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் எரிவாயுப் பர்னர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும்; அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கொழுப்புத் தீக்கு நீர் ஊற்றக் கூடாது என்பதை வேலையாட்கள் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், அதற்கென உள்ள ஈர இரசாயனத் தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தகடு மட்டுமே 51 முதல் 106 கிலோகிராம் என்பதால், மேசைமேல் வைக்கும் வகையானால் மேசையின் தாங்குதிறனையும் பின்சுவரின் பொருளையும் முன்கூட்டியே சரிபாருங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

பல நாடுகளில், தொழிலுக்காக வாங்கும் பொருளுக்கு வீட்டு நுகர்வோருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைப்பதில்லை. உத்தரவாதம் இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பது எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. உங்கள் உரிமை பெரும்பாலும் நீங்கள் கையெழுத்திடும் தாளில் உள்ளதுதான். உத்தரவாதம் வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லுமா என்று பாருங்கள். வெப்ப அதிர்ச்சியால் தகடு வளைவதும், தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ளாத ஆள் எரிவாயு வகையை மாற்றிக் கொடுப்பதும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். எல்பிஜிக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் துளையின் அளவும் அழுத்தமும் வேறு. தவறான துளையோடு இயக்கினால் ஆபத்து, உத்தரவாதமும் போகும்.

விலைப்புள்ளியில் தகட்டின் கனம், அது எந்த எஃகு, நீங்கள் பயன்படுத்தும் எரிவாயுவுக்குரிய கிலோவாட், தெர்மோஸ்டாட்டுகளின் எண்ணிக்கை, உதிரிப்பாகம் தரும் காலம் ஆகியவை எழுதப்பட்டிருக்கட்டும். கிரிடில்களின் செயல்திறனை அளக்க ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப் 1275 என்ற சோதனை முறை இருக்கிறது. அதன்படி அளந்த முடிவு உண்டா என்று கேளுங்கள். தரும் விற்பனையாளர் தம் கருவியை அறிந்தவர். பணத்தில் ஒரு பகுதியை, கருவியை உங்கள் சமையலறையில் இயக்கி, எல்லா அடுப்புகளும் எரியும்போது தகட்டின் வெப்பநிலையை அளந்து காட்டிய பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தகட்டில் இடத்துக்கு இடம் ஒப்புக்கொள்ளக்கூடிய வேறுபாடு எத்தனை டிகிரி என்பதையும் அதிலேயே குறியுங்கள். ஓரங்களைத் தவிர்த்து 15 டிகிரிக்குள் என்று கேட்பது நியாயமானதே.

இப்போது உள்ள வடிவில் முதல் இரண்டில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எரிவாயு இணைப்பைச் சரிசெய்துவிட்டு, முதல் விற்பனையாளரிடமே அதே 24 கிலோவாட் பர்னர்களோடு 20 மில்லிமீட்டர் தகடும் 3 தெர்மோஸ்டாட்டுகளும் வைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், மின்சாரக் கிரிடிலை மேலே சொன்னபடி சோதியுங்கள். அதுவும் தேறாவிட்டால், 12 மில்லிமீட்டர் கிரிடிலை வாங்கி, 24 வில்லைகளை ஒரே நேரத்தில் போடாமல் 12, 12 ஆக இரண்டு நிமிட இடைவெளியில் போடும்படி தம்பியிடம் சொல்லுங்கள். தகட்டுக்கு மீள நேரம் கிடைக்கும், தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடு ஆறாமல் வெளியே போகும். எரிவாயுப் பணியாளர் அளந்த அழுத்தம் எவ்வளவு என்பதை எழுதி அனுப்பினால், பர்னரின் திறனைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்பதை மேலும் திருத்தமாகச் சொல்ல முடியும்.